முதலில் மேடையேறுகிறவர்கள்



சென்ற சனிக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்ததும் நான் லிண்டன் பகுதிக்கு றொக் இசை கேட்கப் போனேன். என்னை அங்கே கண்டதாக இருவர் ஏற்கனவே வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார்கள். ஆகவே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கழுத்துப்பட்டி அணிந்தே சென்றேன். இமே ஆற்றங்கரையில் ஃபவுஸ்ட் என்று ஒரு பண்பாட்டு நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். மெத்தைக்கு இறகு பதனிட்ட பழைய தொழிற்சாலை அது. நமது இளையோர் குழுவைச் சேர்ந்த ஒருவர் ரிக்கற்றை என் கையில் வைத்து, "சுவாமி, ஒருக்கா வந்து கேளுங்கோ. பிறகு ஒளி விழாவைப் பற்றிக் கதைப்பம்" என்றார். காசு கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. வாசலில் இரண்டு பஞ்சுத் துண்டுகளைத் தந்து காதுக்குள் வைக்கச் சொன்னார்கள். அதையும் பணிவோடு செய்தேன்.

அந்த மாலையில் நான் கண்டதையும், அதனால் நமது ஒளி விழாவைப் பற்றி எடுத்திருக்கும் முடிவையும் விளக்கவே இதனை எழுதுகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்திருந்தது அமெரிக்காவிலிருந்து ஓர் இசைக்குழு. அவர்கள் வாசிப்பதை ரூட்ஸ் றொக் என்கிறார்கள். வேர் பிடித்த றொக் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பருத்தி வயல்களில் அடிமைகளாயிருந்தோரின் பிள்ளைகள் பாடிய புளூஸ், கறுப்பினச் சபைகளின் கோஸ்பல், மலைநாட்டு ஏழை வெள்ளையரின் பிடில் பாட்டு ஆகியவற்றை மின்கிற்றாருக்கும் பெரிய முரசுக்கும் ஏற்றி வாசிப்பது இவர்களின் வழக்கம். 1960களின் இறுதியில் கிறீடென்ஸ் கிளியர்வாட்டர் றிவைவல் என்ற குழு இதற்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. அக்குழுவினர் கலிபோர்னியாவைச் சேர்ந்தவர்கள். பாடியதோ தொலைவிலிருந்த லூசியானாவின் சதுப்பு நிலங்களைப் பற்றி. பார்த்திராத ஊரைப் பாடுவது பொய்யாகாதா என்று ஒரு கணம் எண்ணினேன். உடனே நமது பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். ஹனோவரிற் பிறந்து, யாழ்ப்பாணத்தை இரண்டு முறை மட்டும் கண்ட பிள்ளை பனங்காய்ப் பணியாரத்தைப் பற்றிப் பாடும்போது நாம் கண்கலங்கிக் கைதட்டுகிறோம் அல்லவா?

ஆனால் அன்று என்னை அசைத்தது அக்குழுவுக்கு முன்னால் அரை மணி நேரம் வாசித்தவர்கள். ஜேர்மன்காரர் இவர்களை ஃபோர்பாண்ட் என்பார்கள், முன்குழு என்பது அதன் பொருள். ஓர் இளம்பெண் கையில் சாஸ் என்னும் துருக்கிய நரம்பு வாத்தியம், பக்கத்தில் மின்கிற்றாருடன் ஓர் இளைஞர். அவ்வளவுதான். அந்தப் பெண் தன் பாட்டனார் தொழிலாளியாக இந்நகருக்கு வந்தவர் என்றும், பாட்டி சமையலறையிற் பாடியதைத்தான் தான் பாடப்போவதாகவும் ஜேர்மன் மொழியிற் சொன்னார். 1961 ஒக்ரோபர் 30 அன்று துருக்கியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்நாடு அழைத்து வந்த தலைமுறை அது. அவர்களை விருந்தாளித் தொழிலாளர் என்றார்கள். விருந்தாளிகள் பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள்.

முதற்பாட்டின்போது மண்டபத்தில் பாதிப்பேர் பியர் வாங்கும் வரிசையில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஜேர்மன்காரர் எல்லாம் ஒழுங்கானவர்கள் என்று நாம் நினைப்பது மிகைதான். இரண்டாம் பாட்டில் சத்தம் குறைந்தது. மூன்றாம் பாட்டில் சாஸை கிற்றாரின் இரைச்சல் சூழ்ந்து, பின் விலகி, அந்தக் குரல் மட்டும் தனியே நின்றது. கதைத்தவர்கள் கிளாசைக் கையிற் பிடித்தபடி மேடைக்கு அருகே வந்துவிட்டார்கள். அப்போது ஒன்றைக் கவனித்தேன். பிரதான குழுவின் பாடகர், என் வயதை ஒத்தவர், மேடையின் ஓரத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியின்மேல் அமர்ந்து அரை மணி நேரமும் கேட்டுக்கொண்டிருந்தார். தன் முறை வந்தபோது அப்பெண்ணின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். கடைசிப் பாட்டுக்கு அவரையும் சாஸோடு மேடைக்கு அழைத்தார்.

என்னை அழைத்துப்போன இளைஞர் ஒரு தொழில்நுணுக்கமும் சொன்னார். ஒலிப் பரிசோதனையைப் பிரதான குழு முதலிற் செய்துவிடுமாம். முன்குழு கடைசியாகச் செய்யுமாம். ஏனென்றால் கடைசியாகச் சரிசெய்யப்பட்ட மைக்கும் கருவிகளும் அப்படியே இருக்க, முன்குழு உடனே தொடங்கலாம். பெயரில்லாதவர்களுக்கும் ஒலி சரியாக அமைய வேண்டும் என்ற எண்ணம் அந்த ஒழுங்குக்குள்ளேயே இருக்கிறது. நமது விழாக்களில் பிள்ளைகள் மேடையேறிய பின்புதான் "ஹலோ, மைக் வேலை செய்யுதோ" என்று கேட்கிறோம்.

முன்குழுக்களின் வரலாறு எப்போதும் இவ்வளவு இனிமையானதல்ல. 1967ல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மங்கீஸ் என்ற குழுவுக்கு முன்குழுவாக வாசித்தார் என்பதை இன்று நம்புவது கடினம். அவர்களைப் பார்க்க வந்த சிறுமிகளுக்கு இவரைப் பிடிக்கவில்லை, சில நாட்களில் விலகிவிட்டார். அதைவிட நமக்கு நெருக்கமான கதை லோஸ் லோபோஸ் என்ற குழுவினுடையது. ஸ்பானிய மொழியில் ஓநாய்கள் என்று அர்த்தம். கிழக்கு லொஸ் ஏஞ்சல்சில் மெக்சிக்கோக் குடியேறிகளின் பிள்ளைகளான நால்வர், டேவிட் ஹிடால்கோ, லூயி பெரேஸ், சேசர் ரோசாஸ், கொன்ராட் லொசானோ, 1973ல் அதைத் தொடங்கினார்கள். றொக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் அவர்கள். ஆயினும் மின்கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு, தாய்தந்தையர் கேட்ட நாட்டார் பாட்டுக்களைத் தேடி, பழைய இசைத்தட்டுக்களைக் கேட்டு, அக்கருவிகளை வாசிக்கப் பழகினார்கள். கலியாண வீடுகளிலும் அயலவர் கொண்டாட்டங்களிலும் ஆண்டுக்கணக்காக வாசித்தார்கள்.

1980ல் அந்நகரின் ஒலிம்பிக் ஓடிற்றோரியத்தில் ஓர் ஆங்கிலேயக் குழுவுக்கு முன்குழுவாக அழைக்கப்பட்டார்கள். பங்க் இசை கேட்க வந்திருந்த கூட்டம் அது. இவர்கள் மெக்சிக்கோக் கிராமப் பாட்டைத் தொடங்கியதும் கூட்டம் துப்பியது. கையிற் கிடைத்ததையெல்லாம் எறிந்தது. மேடையைவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. அத்துடன் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. 1982ல் பிளாஸ்டர்ஸ் என்ற ரூட்ஸ் றொக் குழு, விஸ்கி எ கோ கோ என்ற புகழ்பெற்ற அரங்கில் தமக்கு முன்குழுவாக இவர்களை அழைத்தது. அந்த மாலை எல்லாம் மாறியது. தம் மேடையை இவர்களோடு பகிர்ந்த பிளாஸ்டர்ஸ், இசைத்தட்டு நிறுவனத்துக்கும் இவர்களைப் பரிந்துரைத்தார்கள். பிளாஸ்டர்ஸ் குழுவில் சாக்சபோன் வாசித்த ஸ்ரீவ் பேர்லின் சில ஆண்டுகளில் அக்குழுவை விட்டு லோஸ் லோபோசிலேயே சேர்ந்துவிட்டார்! பிரதான குழுவிலிருந்து ஒருவர் முன்குழுவுக்குப் போய்ச் சேர்ந்த கதை இது. 1987ல் லா பம்பா என்ற பாட்டு, வேராகுரூஸ் பகுதியின் பழைய நாட்டார் பாட்டு, இவர்கள் குரலில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. முழுவதும் ஸ்பானிய மொழியிலேயே இருந்தது.

பிளாஸ்டர்சைப் பற்றி நான் அதிகம் யோசித்தேன். அவர்கள் பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? திருவருகைக் காலத்தின் இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவானைப் பற்றி நான் பிரசங்கிப்பேன். முன்னால் வந்தவர் அவர். தமக்குப் பின் வருபவருக்கு இடம்விட்டு ஒதுங்கினார். ஆனால் இயேசுவே யோர்தானுக்கு நடந்து போய் அவர் முன் வரிசையில் நின்றார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு நகரில் தமிழர் நடத்திய பெரிய இசைவிழா ஒன்றுக்கு நானும் ஆலோசகராக இருந்தேன். இந்தியாவிலிருந்து சினிமாப் பின்னணிப் பாடகர் ஒருவர் அழைக்கப்பட்டிருந்தார். விமானச் சீட்டு, விசா, ஹோட்டல், மண்டப வாடகை என்று பெரும் பணம் செலவாயிற்று. அவருக்கு முன் இருபது நிமிடம் நமது பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருந்தோம். இரண்டு கிற்றார், ஒரு டிரம்ஸ், ஒரு வயலின், இரண்டு பறை. எட்டு மாதம் பயிற்சி செய்திருந்தார்கள். அன்று நிகழ்ச்சி ஒரு மணி நேரம் பிந்தித் தொடங்கியது. பிந்தியதற்குக் காரணம் பிள்ளைகளல்ல, பேச்சாளர்கள். பிள்ளைகளின் ஏழாவது நிமிடத்தில், பாட்டு நடுவில், ஒலிவாங்கி நிறுத்தப்பட்டது. அறிவிப்பாளர் ஓடிவந்து பிரதான பாடகரை வரவேற்றார். பறை வைத்திருந்த இரண்டு பிள்ளைகள் குச்சியை உயர்த்தியபடியே நின்றதை நான் முன்வரிசையிலிருந்து பார்த்தேன்.

நிறுத்தலாமா என்று அமைப்பாளர் என்னைக் கேட்டார். நான் தலையசைத்தேன். அதை இவ்வளவு காலம் வெளியே சொல்லவில்லை; இப்போது சொல்கிறேன். அந்த அறுவரில் ஒருவர்தான் எனக்கு ரிக்கற் வாங்கித் தந்தவர். லிண்டனிலிருந்து திரும்பும் ட்ராமில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது எப்பவோ நடந்தது சுவாமி" என்றார். மற்ற ஐவரில் மூவர் அதன்பின் எந்தத் தமிழ் மேடையிலும் ஏறவில்லை.

சினிமாப் பாடகரை அழைப்பது பாவமென்று நான் சொல்லவில்லை. வாரம் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள் தெரிந்த பாட்டைக் கேட்க விரும்புவது இயல்பு, எனக்கும் பிடிக்கும். ஆனால் வெளியிலிருந்து வருபவரே கலைஞர், இங்கே வளர்பவர் நேரத்தை நிரப்புபவர் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. ஈழத்தவர்களாகிய நாமா இப்படி எண்ணுவது? நான் சிறுவனாக இருந்தபோது நித்தி கனகரத்தினத்தின் சின்ன மாமியே ஒலிபெருக்கியில் வராத கலியாண வீடு இல்லை. ஏ. ஈ. மனோகரனின் சுராங்கனி கடல் கடந்து தமிழ்நாட்டையே ஆட வைத்தது. பைலாவின் தாளம் போர்த்துக்கேயரும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரும் நமது கரையில் விட்டுச் சென்றது. அதன்மேல் நமது பேச்சுத்தமிழை ஏற்றி, ஒரு கிற்றாரோடு, எந்தச் சினிமாவின் துணையுமின்றிப் பொப் இசை என்ற ஒன்றை உண்டாக்கினார்கள். ரூட்ஸ் றொக் என்ற பெயர் தெரியாமலே நாம் அதைச் செய்திருக்கிறோம். குருமடத்தில் அதனைப் பாடியதற்காக ஒருநாள் இரவுணவின்றி நான் முழந்தாளிட்டதும் உண்டு. தண்டித்தவர் நல்லவர்; அவருக்கு அந்த இசை கள்ளுக்கடையின் வாடையாகப் பட்டது. ஒவ்வொரு தலைமுறைக் குருக்களுக்கும் ஏதோ ஓர் இசை அப்படிப் படுகிறது.

இப்போது பறை.

இவ்வாண்டு ஒளி விழாவைப் பிள்ளைகள் பறையோடு தொடங்க விரும்புகிறார்கள். பறை, மின்கிற்றார், வயலின், நாட்டுக்கூத்து மெட்டில் ஒரு பிறப்புப் பாட்டு. கடந்த மூன்று வாரங்களில் பங்குப் பணிமனைக்குப் பதினொரு தொலைபேசி அழைப்புக்கள் வந்தன. சொற்கள் பலவாக இருந்தாலும் பொருள் ஒன்றே: சாவீட்டு மேளத்தை ஆண்டவர் பிறப்பு விழாவிற்குக் கொண்டுவரலாமோ? கிற்றாரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

வெளிப்படையாகவே பேசுவோம். பறையைச் சாவீட்டு மேளம் என்று சொல்லும்போது, அதை அடித்த கையைப் பற்றியே பலர் பேசுகிறார்கள். ஊரில் எந்தத் தெருவார் அதை அடித்தார்கள், அவர்கள் எந்த வாசல்வரை வரலாம், கோவிலில் எந்தப் பக்கத்தில் அமரலாம் என்ற கணக்கு ஐயாயிரம் மைல் தாண்டி இந்தக் குளிருக்குள்ளும் வந்திருக்கிறது. திருமணப் பேச்சில் அது வருகிறது என்று எனக்குத் தெரியும்; திருமண ஓலை எழுதுகிறவன் நான்தானே.

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்த இசை நிகழ்ச்சியை உங்களில் இளையோர் அறிவார்கள். நமக்கு அது திருக்காட்சிப் பெருவிழா நாள். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற 19 பேர் கொண்ட குழுவை அன்று மேடையேற்றினார்கள். சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் ஒரு நூற்றாண்டுக்கு முன் முன்வைத்த எண்ணத்திலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது. வடசென்னையின் கானா, றாப், றொக், அவற்றோடு பறையும் சட்டியும் தோலக்கும் மின்கிற்றாரும். கானா என்பதும் சாவீட்டுப் பாட்டுத்தான். இறந்தவர் உடலருகே இரவு முழுவதும் பாடப்பட்டது. சினிமா அதை எடுத்து விற்றது. பாடியவர்களை மேடையின் நடுவில் நிறுத்தியதில்லை. அன்று அவர்கள் நடுவில் நின்றார்கள். யாருக்கும் முன்குழுவாக அல்ல. அந்தக் குழுவின் ஒரே பெண்ணான இசைவாணி, ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடியவர். 2020ல் பிபிசி வெளியிட்ட நூறு பெண்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

ஏ. ஈ. மனோகரன் காலமானதும் அதே மாதத்தில், அதே சென்னையில் என்பது எனக்கு இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

அக்குழுவிலிருந்து வந்த அறிவு, 2021ல் எஞ்சாயி எஞ்சாமி என்ற பாட்டை எழுதிப் பாடினார். அவருடைய பாட்டியார் இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர். அதாவது அந்தப் பாட்டு நமது மலையகத்தின் கதையும்கூட. அவ்வாண்டு ஓர் இசை இதழ் அந்தப் பாட்டின் வெற்றியையும் முன்னிட்டு அட்டைப்படம் வெளியிட்டபோது, உடன் பாடிய பாடகியின் படம் இருந்தது, அறிவின் படம் இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். எழுதியவரைப் படத்துக்கு வெளியே நிறுத்துவதும், பிள்ளைகளின் ஒலிவாங்கியை ஏழாவது நிமிடத்தில் நிறுத்துவதும் எனக்கு ஒரே வகையாகவே தோன்றுகின்றன.

"உது இந்தியப் பிரச்சினை சுவாமி, எங்கடை ஊரிலை உப்பிடி இல்லை" என்று ஒருவர் சொன்னார். உண்மையில் கருவியின் வடிவத்தில் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் பறை என்பது ஒருபக்கம் தோலிழுத்த வட்டம். மலையகத்தில் அதே வடிவை, காமன் கூத்துக்கு அடிப்பதை, தப்பு என்கிறோம். மட்டக்களப்பின் பறைமேளமோ இருபக்கமும் தோல் கட்டிய உருளை. வேறுபாடு அத்தோடு முடிகிறது.

திருச்சபை என்ன சொல்கிறது என்று கேட்டவர்களுக்கு: ஒளி விழா திருப்பலியன்று, மண்டப நிகழ்ச்சி. அங்கே எந்தத் தடையும் எழ இடமில்லை. எனினும் 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை ஏடு, மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரவேண்டுமென்று 119ஆம் எண்ணில் கேட்கிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு போதகர், பரட்டை என்று அன்போடு அழைக்கப்பட்டவர், கிராமத்து ஏழைகள் தங்கள் தாளத்திலேயே இறைவனைப் பாட வேண்டுமென்று வாழ்நாள் முழுவதும் மெட்டமைத்தார், 2005ல் மறைந்தார். திண்டுக்கல்லில் நமது அருட்சகோதரி சந்திரா, சக்தி கலைக்குழுவின் மூலம் தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தார். நமது மண்ணில் மரியசேவியர் அடிகளார் 1965ல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கிக் கூத்தையும் திருப்பாடுகளையும் ஒரே மேடையில் ஏற்றினார். நான் புதிதாக எதையும் செய்யவில்லை, பிந்தித்தான் வந்திருக்கிறேன்.

நாம் இடைக்கிடை வழிபடும் புனித கிளெமென்ஸ் பேராலயத்தையே பாருங்கள். அது எழும்புவதற்குப் பாடுபட்ட ஆயர் அகொஸ்தினோ ஸ்தெஃபானி, ஆயராகுமுன் இந்நகர் அரசவையில் ஒப்பரா எழுதிய இசையமைப்பாளர். ஒப்பரா அக்காலத்தில் பக்தியுள்ளோர் முகஞ்சுழித்த பொருள். 1718ல் அபிஷேகம் பெற்ற அந்த ஆலயத்தில் ஒப்பராக்காரர் எழுப்பியது என்பதற்காக எவரும் செபிக்க மறுக்கவில்லை.

சாவீட்டுக்குரியது என்ற வாதத்தைப் பற்றி ஒரு சொல். நமது விசுவாசத்தின் நடுவில் நிற்பது ஒரு சாவு. பெரிய வெள்ளியன்று யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியாரின் வியாகுலப் பிரசங்கத்தை ஒப்பாரி இராகத்தில் கேட்டு அழுத நாம், சாவின் இசையைக் கண்டு அஞ்சுவது பொருந்துமா?

இத்தனையும் நான் முன்பே ஆயத்தமாக வைத்திருந்த வாதங்கள். பதினோராவது அழைப்புக்குப் பின் வந்த பன்னிரண்டாவது அழைப்புக்கு என்னிடம் ஆயத்தமான பதில் இருக்கவில்லை. வேறொரு நகரிலுள்ள பெரியவர் ஒருவர் பேசினார். இதை எழுத அவர் அனுமதி தந்திருக்கிறார். அவர் ஊரையோ பெயரையோ யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். "சுவாமி, என்ரை அப்பா இனி மேளம் அடிக்கமாட்டன் எண்டு சொன்னதுக்காக அடி வாங்கினவர். அந்த மேளத்தைக் கிணத்துக்கை போட்டவர். நாங்கள் அதைத் தொடக்கூடாதெண்டுதான் அவர் அதைச் செய்தது. இப்ப நீங்கள் அதைத் திரும்ப எடுத்துப் பிள்ளையளின்ரை கையிலை குடுக்கிறியள். அதுவும் கலை எண்டு சொல்லி."

நான் நெடுநேரம் பேசாதிருந்தேன். அவர் சொன்னது சரி. யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் எத்தனையோ ஊர்களில் பறையை அடிக்க மறுத்ததே விடுதலையாக இருந்தது. கட்டாயத்தின் பேரில், கூலியின்றி, இழிவோடு அடித்த கருவி அது. அதைக் கீழே போட்டவரின் துணிவை, அதை இன்று மேடையில் அழகாக அடிப்பவரின் துணிவோடு நான் ஒப்பிடமாட்டேன். மேலும், ஊரில் அதை அடிப்பித்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இங்கே அதைப் பண்பாடு என்று தோளில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்வதில் ஒரு வசதியான மறதியும் இருக்கிறது. இதை நமது இளையோரிடம் நேரே சொன்னேன். அவர்கள் கோபிக்கவில்லை. பயிற்சியை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, அந்தப் பெரியவரோடு தொலைபேசியில் பேசக் கேட்டார்கள். இரண்டு முறை பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அதன்பின் அவர்கள் நிகழ்ச்சியில் ஒரு மாற்றம் செய்திருக்கிறார்கள். பாட்டுக்கு முன் ஒருவர் தமிழிலும் ஜேர்மனிலும் இக்கருவி யாருடைய கையில் எப்படி இருந்தது, அதை மறுத்தவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று மூன்று நிமிடம் சொல்வார். அந்த மூன்று நிமிடத்தைக் குறைக்கும்படி ஏற்கனவே இரு வேண்டுகோள்கள் வந்துவிட்டன. குறைக்கப்படமாட்டாது. பெரியவர் இன்னும் சம்மதம் என்று சொல்லவில்லை. வரக்கூடும், வராமலும் இருக்கக்கூடும். அவருக்கு முன்வரிசையில் ஓர் இடம் வைத்திருக்கிறேன். வராவிட்டால் அது வெறுமையாகவே இருக்கும், தயவுசெய்து கைப்பையை வைக்காதீர்கள்.

ஆகவே முடிவு இது. ஒளி விழா மாலை 5 மணிக்குத் தொடங்கும். முதல் இருபத்தைந்து நிமிடம் பிள்ளைகளுடையது. என் ஆசியுரை, விருந்தினர் உரை, நன்றியுரை எல்லாம் அதற்குப் பின். பேச்சாளர்கள் பிந்தினால் பேச்சுத்தான் குறையும், முதலில் என்னுடையது. கதவை ஐந்து மணிக்கு மூடிவிடுவோம். பிந்தி வருவோர் பாட்டு முடியும்வரை வெளியே தேநீர் அருந்தலாம். ஒலிப் பரிசோதனை பகல் 2 மணிக்கு, பிள்ளைகளுக்குக் கடைசியாக. அவர்கள் சரிசெய்த மைக்கை அதன்பின் எவரும் தொடக்கூடாது. பத்துப் பேர்தானே வாசிக்கிறார்கள் என்று எண்ணி முன்வரிசையில் இருந்து கதைக்க நினைப்போர் தயவுசெய்து பின்வரிசையில் அமருங்கள். தொலைபேசியில் பதிவுசெய்ய ஒருவரை நியமித்திருக்கிறோம். மற்றவர்கள் கைகளைத் தட்டுவதற்கு வைத்திருக்கலாம்.

இறுதியாக ஓர் உதவி. பறையின் தோல் குளிரில் தளர்ந்துவிடும். ஊரில் என்றால் வைக்கோல் மூட்டிச் சூடு காட்டுவார்கள். பங்கு மண்டபத்தில் அப்படிச் செய்தால் புகை உணரி அலறி, ஹனோவர் தீயணைப்புப் படையும் ஒளி விழாவுக்கு வந்துவிடும். சென்ற வெள்ளிக்கிழமை தலைமயிர் உலர்த்தும் கருவியாற் சூடேற்றிப் பார்த்தோம்; நன்றாக வேலை செய்தது, ஆனால் நான்கு பறைக்கு ஒன்று போதவில்லை. வீட்டில் மேலதிகமாக ஒன்று வைத்திருப்பவர்கள் வெள்ளி மாலை 7 மணிக்குக் கொண்டுவந்து தாருங்கள். நீண்ட வயரும் ஒன்று வேண்டும்.

உங்கள் பங்குத்தந்தை